மருந்தடிக்க முன் இலையைப் பாருங்கள்



பெரும்போக வேளாண்மை குடலைக்கு வரும் காலம். விடிய விடியப் பனி கொட்டுகிறது. இலையில் நாலு புள்ளி கண்டதும் கடைக்கு ஓடி, தருகின்ற இரண்டு மூன்று போத்தல்களையும் ஒன்றாகக் கலந்து அடிப்பது நமது பகுதியில் வழக்கமாகிவிட்டது. இதை நிறுத்த வேண்டும் என்பதே எமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

'பிளாஸ்ட்' நோயை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பங்கசு. அதன் வித்தி காற்றில் வந்து நனைந்த இலையில் ஒட்டி, சில மணி நேரத்தில் முளைக்கிறது. இலையின் மேல் அதற்குச் சாப்பாடு இல்லை. மெழுகு பூசிய கடினமான பரப்பு மட்டும்தான். அந்தப் பரப்பையும் தன் பட்டினியையும் பங்கசு உணர்கிறது. உடனே கலத்துக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, செய்தி தொடராகப் போகிறது. அதில் முக்கியமான பி.எம்.கே.1 என்ற புரதத்தை 1996இல் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத பங்கசுவால் நோயை உண்டாக்க முடிவதில்லை.

செய்தி போனதும் முளையின் நுனி குமிழாக வீங்குகிறது. வித்தி தன்னிடம் உள்ளதையெல்லாம் குமிழுக்குக் கொடுத்துவிட்டு இறந்துவிடும். குமிழுக்குள் கிளிசரோல் சேர்ந்து தண்ணீரை இழுக்கும். அந்தக் கிளிசரோல் கசியாமல் சுவரிலுள்ள மெலனின் என்ற கறுப்புப் பொருள் தடுக்கும். உள்ளே அமுக்கம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் உள்ளதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு! அந்த வேகத்தில் ஊசி போன்ற ஒரு முளை இலையைத் துளைத்து உள்ளே போகிறது. பயிரும் சும்மா இருப்பதில்லை, ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்கி எதிர்க்கும். அதையும் உணர்ந்து தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பங்கசுவிடம் இருக்கிறது. இவ்வளவும் நடந்து சில நாட்களுக்குப் பிறகுதான் நமது கண்ணுக்குப் புள்ளி தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

முதலாவது, ட்ரைசைக்கிளசோல் என்ற மருந்து மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாவிட்டால் அமுக்கம் ஏறாது, துளைக்கவும் முடியாது. அதாவது அது வாசலில் நிற்கும் காவற்காரன். வீட்டுக்குள் புகுந்த கள்வனை அது பிடிக்காது. வந்த புள்ளியை ஆற்றவும் மாட்டாது.

இரண்டாவது, ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பங்கசு பழகிவிடும். மெலனினைத் தடுக்கும் இன்னொரு மருந்தான கார்புரோபமிட் ஜப்பானில் 1998இல் வந்தது. 2001இல் கியூஷூ தீவில் அதற்கு அடங்காத பங்கசு வந்துவிட்டது. பெயரை மாற்றி வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். லேபலில் உள்ள இரசாயனப் பெயரைப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

மூன்றாவது, யூரியா கூடினால் இந்த நோயும் கூடும். பயிர் கரும்பச்சையாக நிற்பது அழகுதான், ஆனால் பிளாஸ்ட்டுக்கு அதுதான் விருந்து. புள்ளி கண்ட வயலுக்கு யூரியா போடாதீர்கள்.

நான்காவது, எல்லாப் புள்ளியும் பிளாஸ்ட் அல்ல. கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமும் இருந்தால் சந்தேகப்படலாம். பற்றீரியாவால் இலை கருகினால் பங்கசுநாசினி ஒன்றும் செய்யாது. கதிர் வெளுத்தாலும் இழுத்துப் பாருங்கள். இலகுவாகக் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பான் புழுவின் வேலை. கதிரின் கழுத்து கறுத்திருந்தால்தான் பிளாஸ்ட்.

"விவசாயப் போதனாசிரியர் வரும்வரை காத்திருந்தால் வயல் போய்விடும்" என்று சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. கழுத்தில் நோய் விழுந்த பிறகு அடித்துப் பயனில்லை. அதனால்தான் இப்போதிருந்தே கிழமைக்கு இரண்டு தடவையாவது வரம்பில் இறங்கி இலையைப் பார்க்கச் சொல்கிறோம். சந்தேகமென்றால் போனில் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள், அல்லது இலையை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

நகையை ஈடு வைத்துத்தான் பலர் வயல் செய்கிறார்கள். அந்தக் காசு எந்த நோய் என்றே தெரியாமல் தண்ணீரில் கலந்து போகக்கூடாது.

அல்லாஹ் நமது விளைச்சலில் பறக்கத் செய்வானாக. வயல் செய்பவர்களுக்கு இதைப் பகிருங்கள்.