தகர டப்பாவும் தகப்பனாரும்

எங்கள் வீட்டில் காலியாகும் டப்பா எதுவும் இப்போதெல்லாம் பழைய சாமான் வாங்குகிறவனிடம் போய்ச் சேருவதில்லை. காப்பிப்பொடி டப்பாவானாலும் சரி, பிஸ்கோத்து டப்பாவானாலும் சரி, அதை நான் கைப்பற்றி, உள்ளே கறுப்பு வர்ணம் பூசி, பக்கத்தில் ஓர் ஊசித் துளை அமைத்துக் காமிராவாக மாற்றி விடுகிறேன். "நாற்பத்தாறு வயசில் ஒரு மனுஷருக்கு வர வேண்டிய பைத்தியமா இது?" என்று என் மனைவி வாரம் ஒரு முறையாவது கேட்கிறாள். அவளுக்கு நான் சொல்லி வரும் பதிலை இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லலாமென்று உத்தேசம்.

பைத்தியம் பிடித்த தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி. அன்று காலை ஒன்பதரை மணி சுமாருக்குத் திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அரையாண்டு விடுமுறை நாளாதலால் நான் திண்டுக்கல்லுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில்தான் இருந்தேன். "சூரியனை வெறுங் கண்ணால் பார்க்காதே" என்று எதிர் வீட்டுப் பையனுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தபோது, அவன் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியைச் சுட்டிக் காட்டி, "ஸார், தரையைப் பாருங்கள்!" என்று கூவினான். பார்த்தேன். மண் தரை முழுவதும் நூற்றுக்கணக்கான ஒளி வளையல்கள் சிதறிக் கிடந்தன!

"இலைகளுக்கு நடுவிலே இருக்கிற சந்து வளையல் மாதிரி இல்லையே ஸார், வெளிச்சம் மட்டும் எப்படி வளையலாய் விழுகிறது?" என்று பையன் கேட்டான்.

விடை எனக்குத் தெரியும். இலைகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு சிறு சந்தும் ஒரு துளைக் காமிரா. அது தன்னுடைய வடிவத்தைத் தரையில் காட்டுவதில்லை. சூரியனுடைய வடிவத்தையே காட்டுகிறது. மற்ற நாட்களில் மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுவதற்கும் இதுவே காரணம். பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர், கிரகண காலத்துச் சூரியனின் பிம்பத்தைச் சிறு துளையின் வழியே ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷ காலமாக "ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது" என்று வகுப்பில் பாடம் சொல்லி வந்திருக்கிறேன். கரும்பலகையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி, தலைகீழாக இன்னொரு மெழுகுவர்த்தி வரைவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். பரீட்சையில் மார்க்கும் வாங்குவார்கள். ஆனால் அந்தத் தலைகீழ் மெழுகுவர்த்தியை நானும் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை! அன்று மாலையே சமையலறைக்குள் நுழைந்து முதல் டப்பாவைத் திருடினேன்.

★

காமிரா என்ற சொல்லுக்கு லத்தீன் பாஷையில் "அறை" என்றே பொருள். ஜன்னல்களை அடைத்த அறையில் ஒரே ஒரு துளை வழியே தெருக் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுவதைக் கண்டவர்கள், அதை "இருட்டறை" என்று அழைத்தார்கள். நம்முடைய டப்பா அந்த அறையின் பேரக் குழந்தை.

செய்முறை சுலபம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் தகர டப்பா ஒன்று. பானம் விற்கும் அலுமினியக் குவளையிலிருந்து கத்தரித்த சிறு தகடு ஒன்று. அந்தத் தகட்டின் நடுவில் மெல்லிய தையல் ஊசியால் அழுத்தி, பின்புறம் புடைத்து வருவதை நைஸான உப்புத்தாளால் தேய்த்தால், பிசிர் இல்லாத வட்டத் துளை கிடைக்கும். டப்பாவில் ஒரு பெரிய ஓட்டை போட்டு, அதன்மேல் இந்தத் தகட்டை ஒட்டிவிட வேண்டும். துளையை மூடித் திறக்கக் கறுப்பு ஒட்டுநாடா போதும். குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, துளைக்கு எதிர்ப்புறம் போட்டோக் காகிதம் ஒன்றைப் பொருத்தி மூடினால் காமிரா தயார்.

துளையின் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. துளை பெரிதானால் படம் மங்கும். "அப்படியானால் மிகமிகச் சிறிய துளை போட்டால் மிகமிகத் தெளிவாக விழுமல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். துளை அளவுக்கு மீறிச் சிறுத்தால், ஒளி அதன் விளிம்பில் விரிந்து பரவிப் படத்தை மறுபடி மங்கச் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே தக்க அளவு எது என்பதைப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலே பிரபு 1891-ஆம் வருஷத்தில் ஆராய்ந்து எழுதினார். துளைக்கும் காகிதத்துக்கும் 10 சென்டிமீட்டர் தூரமென்றால், துளை 0.4 மில்லிமீட்டர் சுமாருக்கு இருப்பது நலம்.

இவ்வளவு சிறிய துளை வழியே வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆகையால் நல்ல வெயிலிலும் ஓரிரண்டு நிமிஷம் துளையைத் திறந்து வைக்க வேண்டும். கைபேசியில் ஒரு நிமிஷத்தில் அறுபது படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய தண்டனையாகத் தோன்றும். ஒரு டப்பாவுக்கு ஒரே ஒரு படம். அது கெட்டால் மறுபடி குளியலறைக்கு ஓட வேண்டும். என் முதல் ஐந்து படங்களில் இரண்டு முழுக் கறுப்பு. மூடி வழியே வெளிச்சம் புகுந்துவிட்டது. இரண்டு முழு வெள்ளை. ஒட்டுநாடாவை எடுக்க மறந்துவிட்டேன். ஐந்தாவதில் எங்கள் வீட்டுக் கிணறும் துவைக்கிற கல்லும் விழுந்திருந்தன. வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும், நிழல் வெள்ளையாகவும் மாறியிருந்த எதிர்ப்படம்தான். அதை வேறொரு காகிதத்தின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கைக் காட்டிக் கழுவியபோது கிணறு கிணறாகவே தோன்றியது. பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல் வீடு முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டப்பாப் பைத்தியத்துக்கு மேலான முன்னோர்கள் உண்டு என்பதையும் என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் லேக்காக் என்னும் ஊரில் வாழ்ந்த ஃபாக்ஸ் டால்பட் என்பவர், 1835-ஆம் வருஷத்தில் சின்னஞ்சிறு மரப் பெட்டிகள் செய்வித்து, சிறு வில்லைகளைப் பொருத்தி, மாளிகையைச் சுற்றிலும் அங்கங்கே வைத்து வந்தார். அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு "எலிப்பொறிகள்" என்று பெயர் வைத்தாள். அந்த எலிப்பொறி ஒன்றில் அகப்பட்ட ஜன்னல் படம், தபால் தலை அளவுதான் இருக்கும். உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய எதிர்ப்படம் அதுவே. ஓர் எதிர்ப்படத்திலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வழி டால்பட்டின் முயற்சியிலிருந்து பிறந்ததுதான். "அந்த அம்மாளும் பாவம்!" என்றாள் என் மனைவி.

★

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

என் தகப்பனாருக்கு வயது எழுபத்தெட்டு. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் கடிதம் எழுதுவதை மறந்துவிட்ட பிறகும், மாதம் நாலு கார்டு தம் கைப்பட எழுதி வந்தவர். சென்ற வருஷம் அவர் எழுதுவதை நிறுத்தினார். கேட்டதற்கு, "மூக்குக் கண்ணாடி சரியில்லை" என்றார். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் எழுதவில்லை. எனக்குப் பள்ளிக்கூட வேலை, டப்பா வேலை, விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரை முற்றத்து வெயிலில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். மடியிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் தயங்கி, அப்படியே செய்தார். மூன்றடி தூரத்தில் பிஸ்கோத்து டப்பாவை வைத்து, "மூன்று நிமிஷம் அசையக் கூடாது, அப்பா" என்று சொல்லித் துளையைத் திறந்தேன். அந்த மூன்று நிமிஷமும் அவருக்கு எதிரேயேதான் நின்றேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கடிகாரத்தின் முள்ளைத்தான்.

அன்று மாலை படத்தைக் கழுவிப் பிரதி எடுத்தேன். முகம் எதிர்பார்த்ததை விட நன்றாக விழுந்திருந்தது. நெற்றிச் சுருக்கம், நாற்காலியின் பிரம்புப் பின்னல், இடது கை விரல்கள் எல்லாம் தெரிந்தன. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பிடி புகை இருந்தது.

அப்பா படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "கை எங்கேடா?" என்றார்.

"டப்பாவில் ஏதோ கோளாறு, அப்பா" என்றேன்.

"டப்பாவில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கையில்தான். ஆறு மாசமாய் ஆடுகிறது. உங்களிடம் சொல்ல வேண்டாமென்று இருந்தேன்."

கைபேசியில் அவரை நான் எத்தனையோ தடவை படம் எடுத்திருக்கிறேன். ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும் அந்தக் காமிராவில் அவருடைய கை கல்லைப் போல் அசையாமல்தான் இருக்கிறது. அந்தப் படங்களை எல்லாம் அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் படங்களில் வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் பார்த்துக்கொண்டு, நான் இதைக் கவனிக்கவில்லை. ஐந்து மாதத்தில் நான் செய்த எந்தப் பரிசோதனையும் எனக்கு இவ்வளவு கற்பிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். நடுக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். முற்றும் போகாது, மட்டுப்படும் என்றார். கார்டுகள் மறுபடி போகின்றன. அப்பா சொல்ல நான் எழுதுகிறேன். என் கையெழுத்து மோசம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

2012-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு கலை மாணவி, பானத் தகரம் ஒன்றில் துளையிட்டு, உள்ளே போட்டோக் காகிதம் வைத்து, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் சர்வகலாசாலையின் வானாராய்ச்சி நிலையத்தில் கட்டி வைத்துவிட்டு மறந்து போனாள். 2020-ஆம் வருஷம் அதை அவிழ்த்துப் பார்த்தபோது, எட்டு வருஷத்துச் சூரியனும் 2,953 ஒளிக் கோடுகளாக அந்தக் காகிதத்தில் பதிந்திருந்தான். தகர டப்பாவுக்கு அத்தனை பொறுமை உண்டு.

போன மாதம் அப்பா தாமாகவே முற்றத்தில் வந்து உட்கார்ந்து, துண்டை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, "டப்பாவைக் கொண்டு வா" என்றார். இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டு அவரையே பார்த்தேன். படம் கழுவி வந்ததும் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"புகை கொஞ்சம் குறைச்சல்தான்" என்றார்.