சரிபாதி என்றொரு சால்ஜாப்பு

குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பு என்ன என்று கேட்டால், பிளஸ் ஒன்னில் வேதியியல் படித்தவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள்: 3டியில் ஐந்து, 4எஸ்ஸில் ஒன்று. ஏன், நான்கும் இரண்டும் இல்லையா? "சரிபாதி நிரம்பினா கூடுதல் நிலைப்புத்தன்மை சார்." மார்க் போட்டாச்சு. அடுத்த கேள்வி.

இது பதிலே இல்லை என்பதுதான் என் கட்சி.

தனிம அட்டவணையில் குரோமியத்துக்குக் கீழே மாலிப்டினம், அதற்கும் கீழே டங்ஸ்டன். ஒரே குடும்பம். டியிலும் எஸ்ஸிலும் பங்கிட்டுக்கொள்ள ஆளுக்கு ஆறு எலக்ட்ரான்கள். மாலிப்டினம் குரோமியத்தின் வழியிலேயே போகிறது. டங்ஸ்டனோ 5டியில் நான்கு, 6எஸ்ஸில் இரண்டு என்று, சரிபாதியைச் சட்டையே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. சரிபாதி அவ்வளவு இனிப்பென்றால் டங்ஸ்டனுக்கு மட்டும் ஏன் கசக்கிறது? இந்தப் பக்கம் நியோபியத்தைப் பாருங்கள்: 4டியில் நான்கு, 5எஸ்ஸில் ஒன்று. ரோடியத்தில் எட்டும் ஒன்றும். பாதியும் இல்லை, முழுசும் இல்லை. ஆனாலும் எஸ்ஸில் இருக்கவேண்டிய ஓர் எலக்ட்ரான் டிக்குப் போயிருக்கிறது. பரிசே இல்லாத பந்தயத்தில் அது எதற்காக ஓடியது?

இவற்றுக்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் 'விதிவிலக்கு'. ஒரு விதியை எழுதி, அது தோற்கிற இடத்திலெல்லாம் ஒரு 'இஃப்' செருகி, "டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று யாராவது கோட் கொண்டுவந்தால் நாங்கள் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவோம். வகுப்பறையில் அதற்குத் தத்துவம் என்று பேர்.

உண்மையில் எந்த அணுவும் கட்டம் கட்டமாக எலக்ட்ரானை நிரப்பிக்கொண்டு போவதில்லை. மொத்த ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மொத்தத்தில் பல வரவு செலவுகள் உண்டு. கரு எலக்ட்ரான்களை இழுக்கிறது; எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன; ஒரே சுழற்சி கொண்டவை கூடும்போது பரிமாற்ற ஆற்றல் கொஞ்சம் மிச்சமாகிறது. 3டி கருவுக்கு அருகிலிருக்கும் நெருக்கடியான அறை, 4எஸ் விசாலமான திண்ணை. குரோமியத்தில் எல்லாவற்றையும் கூட்டிக்கழித்தால் ஐந்தும் ஒன்றும் லாபம். டங்ஸ்டனின் கருவில் 74 புரோட்டான்கள். அவ்வளவு கனத்த கருவின் அருகே எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் பாதியைத் தொடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அதன் விளைவாக 6எஸ் சுருங்கி, ஆற்றலில் கீழிறங்கி, அங்கே இரண்டு பேர் தங்குவதே லாபமாகிவிடுகிறது.

ஆக, பரிமாற்ற ஆற்றல் பொய்யில்லை. ஆனால் அது பேரேட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் காட்டி முழுக் கணக்கும் இதுதான் என்பது மோசடி.

"பதினாறு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்பார்கள். வேண்டாம், சார்பியலைக் கற்றுத்தர வேண்டாம். "இது ஞாபகம் வைக்க ஒரு குறுக்குவழி. நிஜக் காரணம் பெரிய கணக்கு. டங்ஸ்டனிடம் இந்த வழி செல்லாது." இந்த மூன்று வாக்கியம் போதும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அதைச் சொல்லாமல் விடுவதால் என்ன நஷ்டம்? 4எஸ்தான் முதலில் நிரம்பும் என்கிறோம். அயனியாகும்போது 4எஸ்தான் முதலில் காலியாகும் என்றும் சொல்கிறோம். இது எப்படி என்று ஒரு பிள்ளைக்கு உறுத்தும். எழுந்து கேட்டால், "அது அப்படித்தான், எழுதிக்கோ." அன்றைக்கு அவள் கற்றுக்கொள்வது வேதியியல் இல்லை. ஒரு விஷயத்துக்குக் கனமான பேர் வைத்துவிட்டால் அதை விளக்கியாயிற்று என்று கற்றுக்கொள்கிறாள். அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. பிறகு வளர்ந்து, டாக்டரோ அதிகாரியோ முதலீட்டு ஏஜென்ட்டோ ஒரு பெரிய வார்த்தையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு வருவாள்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. கரும்பலகையில் குரோமியத்தை எழுதும்போது பக்கத்திலேயே டங்ஸ்டனையும் எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். யாராவது கை தூக்குவார்கள்.