சுடாத துப்பாக்கிக்கும் மதிப்புண்டு

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சுடவைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 தோட்டா ரகத்தைத் தடுத்ததால் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம் 1907இல் .465 ரகத்தைக் கொண்டுவந்தது. இரு குழல்களின் குண்டுகளும் ஒரே இடத்தில் விழும்வரை, குறிப்பிட்ட கார்டைட் வெடிமருந்து அளவில் சுட்டுப் பார்த்துப் பார்த்தே குழல்களைப் பற்றுவைத்தார்கள். இன்று வேறு மருந்தை நிரப்பினால் குண்டுகள் விலகிப்போகும்; நிரப்பவும் உரிமம் வேண்டும். சுடாவிட்டால் அது வெறும் இரும்புதானே என்பார்கள். இல்லை, அந்தக் கைத்திறன் முழுவதும் குழல்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய பட்டையில் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தமோ பரம்பரைச் சொத்தையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டே துப்பாக்கிகளை அனுமதிக்கிறது. ஒருவரிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தால், அதைச் சுடப் பயன்படாத பழம்பொருளாக அதே சட்டத்தின் 45ஆம் பிரிவில் வைத்துக்கொள்ள அதிகாரிகள் தாராளமாக இடமளிக்க வேண்டும்.