உடலுக்குள் தேயும் உலோகம்

செயற்கை இடுப்பு மூட்டுக்கு உதவும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் எளிதில் அரிக்காதென்பது மெய்யே. ஆயினும் அக்காப்பு, அதன்மேல் படிந்த மிக மெல்லிய குரோமிய ஆக்ஸைடுப் படலத்தைப் பொறுத்தது. உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் உராயுமிடத்துப் படலம் கிழிந்து, கோபால்ட் இரத்தத்தில் கலக்கிறது. நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கலாமே எனின், சூடு மிஞ்சினால் குரோமியம் நைட்ரைடாகப் பிரிந்துவிடும். தேய்வு குறைந்து அரிப்பு மிகும். ஆதலின் ஆய்வுக்கூடச் சான்றை மட்டும் நம்பி ஜனங்களை ஒப்புவித்தல் தகாது.

டெப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். மூட்டு அடிக்கடி பழுதாவதை ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு வெளிப்படுத்திற்று. 2009-ல் அங்கே விற்பனை நின்றது. உலகமெங்கும் திரும்பப்பெற்றதோ 2010 ஆகஸ்டில். அதற்குள் சுமார் 93,000 மூட்டுகள் பொருத்தியாயிற்று! இந்தியாவில் நடந்த அறுவைகள் சுமார் 4,700. நம்மவரில் பெரும்பாலோரின் இருப்பிடமே தெரியவில்லையென 2018-ல் வெளியான சர்க்கார் நிபுணர் குழு அறிக்கை கூறிற்று. இது பொறுக்கத்தக்கதா?

ஒரு சென்ட் நிலம் விலைபோனாலும் பத்திரம் பதிகிறோம். உடலுக்குள் வைக்கும் உலோகத்துக்குப் பதிவு வேண்டாமா? மூட்டின் எண்ணையும் நோயாளியின் பெயரையும் பதியாத ஆஸ்பத்திரிக்கு அவ்வறுவை செய்ய அனுமதியில்லையென்று சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும்.