விழிப்பாக இருக்க வேண்டியது யார்?

"விழிப்புடன் இருங்கள்" என்ற வாசகத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வங்கிச் சுவரில் அதுதான், ஏடிஎம் கதவில் அதுதான், செல்போனில் வரும் குறுஞ்செய்தியிலும் அதுதான். பணத்தைப் பறிகொடுத்தவர் போய் நின்றால், "நாங்கதான் சொல்லிக்கிட்டே இருக்கோமே சார், நீங்க கவனிச்சிருக்கணும்" என்று முடித்துவிடுகிறார்கள். புத்திமதி சொன்னதோடு அவர்கள் கடமை தீர்ந்தது.

இதை வேடிக்கை பார்த்தவனாக எழுதவில்லை. ஓய்வுக்குப் பின் என் அனுபவங்களை எழுதி வைக்க ஒரு சின்ன இணையதளம் வைத்திருந்தேன். போன ஆடி மாதம் அதற்குள் யாரோ புகுந்து, எனக்குத் தெரியாமல் ஒரு மூலையில் ஒரு வங்கியின் பக்கத்தை அச்சு அசலாகச் செய்து வைத்துவிட்டார்கள். என் கட்டுரைகள் வழக்கம்போல் இருந்தன. பின்கட்டில் கள்ளச்சாவிக் கடை நடந்திருக்கிறது. "உங்கள் கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது" என்ற செய்தியை நம்பித் தட்டியவர்கள் வந்து விழுந்த இடம் என் முகவரி.

வருடா வருடம் பணம் கட்டி இடம் வாங்கியிருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மென்பொருளைப் புதுப்பித்துக் காவல் காப்பதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கியிருந்தார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? "உங்கள் தளம் மோசடிக்குப் பயன்பட்டதால் முடக்கியிருக்கிறோம். சுத்தம் செய்யத் தனிக் கட்டணம்." வாடகைக்கு விட்டவர் பூட்டைச் சரிபார்க்கவில்லை. திருடன் புகுந்ததும் குடியிருந்தவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அந்தப் பக்கத்தில் ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பார்வையில் திருடன் நான்தான்.

இவர்கள் ஏன் என்னைப் போன்றவர்களின் தளத்தைத் தேடி வருகிறார்கள்? புதிதாக முளைத்த முகவரி என்றால் உலாவியும் மின்னஞ்சல் வடிகட்டியும் சந்தேகப்படும். பல வருடம் ஒழுங்காக நடந்த முகவரிக்கு ஒரு நற்பெயர் இருக்கும். அந்த நற்பெயரைத்தான் திருடுகிறார்கள். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடுவதும் மனிதர்கள் அல்ல, இரவும் பகலும் ஓடும் நிரல்கள். அதற்கு மதுரையும் நியூயார்க்கும் ஒன்றுதான். போலீஸ் தடம் பிடித்து வந்தால் முதலில் நிற்பது நம் வீட்டு வாசலில்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று எத்தனை வருடம் பாடம் எடுத்தார்கள்! நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை. என் தளத்திலும் பூட்டு இருந்தது, போலிப் பக்கத்துக்கும் அதே பூட்டுதான். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023-இல் குரோமிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. பழைய பாடத்தை நம்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நான் தபால் துறையில் இருந்தவன். மணியார்டர் தப்பான ஆள் கைக்குப் போய்விட்டால் விளக்கம் கேட்டுத் தாள் வருவது தபால்காரருக்கு. பணம் வரவேண்டிய பாட்டியிடம் போய் "நீங்கள் ஏன் விழிப்பாக இல்லை?" என்று எந்த போஸ்ட்மாஸ்டரும் கேட்டதில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கக் கூலி வாங்கியவனுக்குத்தான் பொறுப்பு.

வங்கிகளுக்கு அந்த நியாயம் பொருந்தாதா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே கிடையாது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். நல்ல விதி. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்தால் அது "அலட்சியம்". தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க உங்கள் தலையில். கைதேர்ந்த மோசடிக்காரன் வங்கியின் முத்திரையோடு கேட்டதை நம்பியதற்குப் பெயர் அலட்சியமா? ஏமாற்றப்படுவதும் அலட்சியமும் ஒன்றா?

ஒன்றல்ல என்று நம் தமிழ்நாட்டிலேயே முடிவாகியிருக்கிறது. தூத்துக்குடி ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்தவர், அபுதாபியில் வேலை. 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பியது போல வந்த மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்தார். ஆறு லட்சத்துக்கு மேல் போயிற்று. வாடிக்கையாளரின் அலட்சியம் என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்கை விசாரித்த மாநில அதிகாரி, 2010 ஏப்ரல் 12 அன்று, வங்கி 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்று உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. இணைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011-க்குப் பிறகு தலைவரே நியமிக்கவில்லை. 2017-இல் அதை வேறொரு தீர்ப்பாயத்தோடு சேர்த்து, 2019 ஜனவரியில்தான் அந்த உத்தரவு சரி என்று தீர்ப்பு வந்தது. பணம் போனது 2007-இல்! இங்கே விழிப்பில்லாமல் தூங்கியது யார்?

அந்த விசாரணை அதிகாரப் பதவி இன்றும் இருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அது. ஐந்து கோடி வரை இழப்பீடு கேட்கலாம். "விழிப்புடன் இருங்கள்" என்று பலகை வைப்பவர்கள் இதையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன?

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரி வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. நம் வயதுக்காரர்கள் இதை மனதில் வையுங்கள்: முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் வீட்டுக்காரர் பெயர். கோட்டுக்குப் பின்னால் எந்த வங்கியின் பெயரையும் யாரும் எழுதிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியும். வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அங்கே யாராவது "நீங்கள் விழிப்பாக இருந்திருக்க வேண்டும்" என்று தொடங்கினால், "நீங்கள் இருந்தீர்களா?" என்று கேளுங்கள். கூலி வாங்குவது அவர்கள்தான்.