ஓட்டுக் கேளாதவர் கையில் ஓட்டு!



கீழூரை மறந்திருக்கமாட்டீர்கள். 1954 அக்டோபர் 18ஆம் நாள், புதுவை, காரைக்கால் பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் அச்சிற்றூரில் கூடினர். இந்தியாவுடன் இணைவோம் என்றோர் 170 பேர். வேண்டாம் என்றோர் 8 பேர். பிரெஞ்சு ஆட்சிக்கு விடைகொடுத்தது மக்களிடம் பெற்ற ஓட்டு!

அந்தப் புதுவையில் 2021 பிப்ரவரி 22ஆம் நாள் நடந்தது என்ன? நாராயணசாமி அமைச்சரவை நம்பிக்கை கோரிற்று. சிலர் பதவி விலகியபின், ஆளும் வரிசையில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12 பேர். எதிர்வரிசையில் 14 பேர். அந்தப் பதினால்வரில் மூவர் எந்தத் தொகுதியிலும் வென்றவரல்லர். டில்லி அனுப்பிவைத்த நியமன உறுப்பினர்கள். அவர்களை நீக்கி எண்ணுங்கள்: 12க்கு எதிரே 11! அமைச்சரவை வீழ்ந்தது.

அம்மூவரும் யார்? பாரதீய ஜனதா கட்சியினர். 2016 தேர்தலில் அக்கட்சிக்குப் புதுவை மக்கள் தந்த இடம் ஒன்றேனும் உண்டா? இல்லை. மக்கள் மூடிய கதவை மத்திய அரசு திறந்துவிட்டது!

"அறிஞர்களின் ஆலோசனை அவைக்கு வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும். மாநிலங்களவைக்கு நியமிக்கப்படும் பன்னிருவர் இலக்கியம், அறிவியல், கலை, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவராயிருத்தல் வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டமோ, மூவருக்கு மேற்படாமல் நியமிக்கலாம், அவர்கள் அரசுப் பணியாளராய் இருத்தலாகாது என்பதோடு நின்றுவிட்டது. இன்ன துறை அறிவு வேண்டுமென்று ஒரு சொல் இல்லை. அச்சட்டத்தைச் செய்தது டில்லியில் அன்று ஆண்ட காங்கிரஸ். அன்று வைத்த கண்ணியில் பின்னாளில் அக்கட்சியின் காலே சிக்கியது!

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மாநில அமைச்சரவையைக் கலக்காமலே நியமிக்கலாம். வரவு செலவுத் திட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டம் அவ்வாறிருக்கிறது, தீர்ப்பும் அவ்வாறே வந்தது. ஆகவே திருத்தவேண்டியது சட்டத்தைத்தான்.

இன்னொரு விந்தை கேளுங்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை. புதுவையின் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவும் ஓட்டில்லை. அங்கெல்லாம் தகாதவர் எனத் தள்ளப்பட்டவர், மக்கள் அமைத்த ஆட்சியைக் கவிழ்க்க மட்டும் தக்கவராவது எப்படி? எந்த ஊர் நியாயம் இது?

இதன் விளைவையும் பாருங்கள். தட்டாஞ்சாவடி மக்கள் 2019 இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் வெங்கடேசனைத் தேர்ந்தெடுத்தனர். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முதல் நாள் அவர் பதவி விலகினார். அதே 2021 மே மாதம் நியமன உறுப்பினராகி அதே அவைக்குத் திரும்பினார்! மக்கள் தந்த நாற்காலியை உதறினார்; மத்திய அரசு தந்த நாற்காலியில் அமர்ந்தார். நியமன வழி திறந்திருக்குமட்டும் எக்கட்சி உறுப்பினர்க்கும் இச்சபலம் எழக்கூடும். நம்மவரும் இதற்கு விலக்கல்லர்.

எனவே நாம் கேட்பது இதுதான்: ஆலோசனை கூற வருவோர் வரட்டும், பேசட்டும், வழிகாட்டட்டும், ஆட்சியை ஆக்கவும் அழிக்கவும் ஓட்டு வேண்டாம். டில்லிச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரே இல்லை. அங்கு அவை நடக்கவில்லையா?

தெருத்தெருவாய்ச் சென்று, வாசல்தோறும் நின்று ஓட்டுக் கேட்ட தோழர்களே, இக்கேள்வியை அதே வாசல்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். கீழூரில் ஓங்கிய கை மக்களின் கை. அதனைத் தாழவிடலாமா?