சதுரங்கப் பலகை: மாணவன் கண்ட மாற்று வழி

சதுரங்கப் புதிர் ஒன்றுக்கு ஒரே விடைதான் உண்டு என்பது நம்மிற் பலரின் எண்ணம். விடைத்தாளைக் கையிற் பிடித்திருக்கும் ஆசிரியனுக்கோ அவ்வெண்ணம் இன்னும் உறுதியானது. அவ்வுறுதியை அசைத்த நிகழ்ச்சியொன்றை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலிற் பலகையை எடுத்து வையுங்கள். வெள்ளை ஆடுபவரின் இடப்புறமிருந்து நிரல்களை ஏ, பி, சி, டி என எண்ணுக. வெள்ளை அரசன் பி6இலும் காலாள் சி6இலும் நிற்கட்டும். கறுப்பு அரசன் ஏ1இலும் கோட்டை டி5இலும் நிற்கட்டும். மொத்தம் நான்கே காய்கள். வெள்ளை ஆடி வெல்லவேண்டும்.

1. காலாள் சி7, கோட்டை டி6, செக்.
2. அரசன் பி5, கோட்டை டி5, செக்.
3. அரசன் பி4, கோட்டை டி4, செக்.
4. அரசன் பி3; கோட்டை டி3, செக்.
5. அரசன் சி2, கோட்டை டி4.

இரண்டாம் நகர்வில் அரசன் சி5இற்குச் சென்றால், கோட்டை டி1இற்கு ஓடும். காலாள் அரசியானதும் சி1இல் செக் கொடுத்து அவ்வரசியைக் கவர்ந்துவிடும். ஆகவே அரசன் சி நிரலை விலக்கியே இறங்குகிறான்.

இப்பொழுது எவருடைய கையும் காலாளை அரசியாக்கவே துடிக்கும். அங்கேதான் பொறி! கோட்டை சி4இல் செக் கொடுக்கும். அதனை அரசி வெட்டினால், கறுப்பு அரசனுக்குச் செக்கும் இல்லை, அடியெடுத்து வைக்க இடமும் இல்லை, ஆட்டம் சமநிலை. வெட்டாவிடின் அரசி பறிபோகும். எனவே 6ஆம் நகர்வில் காலாளைக் கோட்டையாக்குக. அது ஏ8இல் மேட் என அச்சுறுத்தும். கறுப்புக் கோட்டை ஏ4இற்கு வந்து தடுக்க, 7. அரசன் பி3. இனிக் கோட்டையை இழப்பதா, சி1இல் மேட் ஆவதா என்பதே கறுப்பின் கவலை.

இந்நிலையின் மூலவடிவத்தை, 1895இல் கிளாஸ்கோ நகரத்து வார இதழொன்றின் சதுரங்கப் பகுதியில், பார்பியர் என்பார் கறுப்புக்குச் சமநிலை என வெளியிட்டார். அந்நகரில் வாழ்ந்த சாவேத்ரா என்னும் ஸ்பானியத் துறவியே கோட்டையாக்கும் நகர்வைக் கண்டு வெற்றியை நிறுவினார். இன்றும் அவர் பெயர் நிலைப்பது அவ்வொரு நகர்வினாலேயாம்.

இக்கதையை மாணவர்க்குச் சொல்லுமுன் புதிரை எழுதிக் கொடுத்தேன். ஒருவன் 4ஆம் நகர்வாக ‘அரசன் சி3’ என எழுதியிருந்தான். ‘சி நிரலுக்குப் போகலாகாது’ என்று சிவப்பு மையாற் பிழையெனக் குறித்தேன். பலகையில் ஆடிப் பார்க்கவில்லை.

மறுநாட் காலை அவன் தயங்கித் தயங்கி வந்தான். “சேர், கோட்டை டி1இற்குப் போனபின் அரசன் சி2இற்கு வந்தால் என்ன?” என்றான்.

ஆடிப் பார்த்தோம். சி2இல் நிற்கும் அரசன் சி1ஐயும் காக்கிறான். டி1இலுள்ள கோட்டையையும் தாக்குகிறான். அது டி4இற்குத் திரும்புவதன்றி வேறு நல்ல வழியில்லை. திரும்பினாலோ, அதே நிலை. அதே ஐந்தாவது நகர்வு! சி5இலும் சி4இலும் நிற்கும் அரசனுக்கு எட்டாத சி2, சி3இல் நிற்பவனுக்கு ஓரடியில் எட்டுகிறது. நான் விதியை மனனஞ் செய்திருந்தேன். அவன் விதியின் காரணத்தை அறிந்திருந்தான்.

புள்ளியை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பார்பியரின் தவற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கவிருந்த நானே அத்தவற்றைச் செய்துவிட்டேன் என்பதையும் அன்றே வகுப்பிற் சொன்னேன். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாயிருந்தது. சொன்னபின் மனம் இலேசாயிற்று.

இனி உங்கள் முறை. 2ஆம் நகர்வில் அரசன் பி5இற்குப் பதிலாகப் பி7இற்குச் சென்றால் வெள்ளை வெல்லுமா? பலகையில் ஆடிப் பார்த்த பின்னரே எழுதுங்கள். விடை அடுத்த வாரம்.